பெரிய படச் சேகரிப்பை அடுக்கும் வசதி: எப்படி வடிவமைக்கலாம்?

கேள்வி (கொக்குவில் வாசகர்), 2025 ஜூன் 7

அண்ணா, என்னிடம் 3,000க்கு மேல் படங்கள் இருக்கின்றன, நான்கு ஹார்ட் டிஸ்க்கில். பழைய விசிடியில் இருந்து எடுத்தவை, டிவிடி, பிறகு சேர்ந்தவை எல்லாம் கலந்து கிடக்கின்றன. நடிகர் பெயரில் கோப்புறை போட்டேன். வீட்டில் இயக்குநர் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். ஆண்டு வாரியாக மாற்றினேன். ஒருவருக்கும் ஆண்டு நினைவில்லை. நிரல் ஒன்றும் தேவையில்லை, சரியான கோப்புறை அமைப்பு இருந்தால் போதும் என்பது என் எண்ணம். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் இழுத்து மாற்றிவிடுகிறேன்.

2025 ஜூன் 7, இரவு

தம்பி, இழுத்து மாற்றவே வேண்டாம். எந்தக் கோப்புறை அமைப்பைப் போட்டாலும் இதே சிக்கல்தான் வரும். சிவாஜி நடித்து, ஸ்ரீதர் இயக்கி, எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த படத்தை எந்தக் கோப்புறையில் வைப்பீர்கள்? ஒன்றில் வைத்தால் மற்ற இரண்டிலும் இல்லை. மூன்றிலும் பிரதி வைக்கலாம் என்றால், நொடிக்கு 8 மெகாபிட் ஓடும் இரண்டரை மணிப் படம் ஒன்றே ஏறக்குறைய 9 ஜிபி வரும். மூன்று பிரதி 27 ஜிபி. அப்படியே 3,000 படத்துக்கும் பெருக்கிப் பாருங்கள்.

படத்துக்கு ஒரு கோப்புறை. அதன் பெயரில் படத்தின் பெயர், பக்கத்தில் அடைப்புக்குள் ஆண்டு. அவ்வளவுதான். சேகரிப்பைப் பட்டியலிட்டு ஓட்டும் நிரல்களான கோடி, பிளெக்ஸ், ஜெல்லிஃபின் எல்லாமே இப்படி வைத்தால் படத்தைச் சரியாக அடையாளம் காணும். ஆண்டைக் கட்டாயம் போடுங்கள். ‘விக்ரம்’ 1986இலும் உண்டு, 2022இலும் உண்டு. ‘பில்லா’ 1980, 2007. ‘பொல்லாதவன்’ அதே 1980, அதே 2007. ‘மாப்பிள்ளை’ 1952, 1989, 2011 என்று மூன்று.

இப்படி ஒருமுறை வைத்த பிறகு கோப்பை அசைக்கக் கூடாது. நடிகர், இயக்குநர், ஆண்டு என்று நீங்கள் கேட்கும் எல்லா ஒழுங்கும் அதன் மேல் போடும் பார்வைகள். அந்தப் பார்வைகளை உருவாக்கும் வசதியைத்தான் எங்கள் வீட்டுக்காக நான் எழுதிவருகிறேன். அது எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பதை இங்கேயே எழுதிப்போகிறேன்.

2025 ஜூன் 8

பழைய விசிடியில் இருந்து எடுத்தவையும் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வட்டில் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும். ஆகவே எங்கள் படம் ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று வட்டு. ஒவ்வொரு வட்டிலும் கோப்பின் பெயர் ஒன்றே: ‘ஏவிசீக்01’. அப்படியே பிரதி எடுத்தால் இரண்டாம் வட்டு முதலாவதன் மேல் ஏறி அதை அழித்துவிடும். எடுக்கும்போதே படத்தின் பெயரோடு ‘சிடி1’, ‘சிடி2’ என்று ஆங்கில எழுத்தில் போடுங்கள். நிரல்கள் அதைப் பார்த்து இரண்டையும் ஒரே படமாக ஓட்டும்.

2025 ஜூன் 11

கோப்புறையே போதும் என்ற வாதத்துக்கு இன்னும் ஆதரவு வருகிறது. நூலகத்தில் புத்தகம் ஒரே தட்டில்தானே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்தத் துறையிலேயே இதற்கு விடை உண்டு. அதைத் தந்தவரும் தமிழர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவர். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே கிளையில் அடைக்காமல் பல கூறுகளாகப் பிரித்துப் பார்த்தது: எதைப் பற்றியது, எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். கூறுகளைத் தனித்தனியே குறித்து வைத்தால் தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

தட்டில் புத்தகம் ஓர் இடத்தில் இருக்கத்தான் வேண்டும், அது மரச்சட்டத்தின் கட்டாயம். கணினியில் அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தும் கோப்புறைக்குள் கோப்புறை என்று தட்டையே மறுபடி கட்டிக்கொள்கிறோம். 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. என் வடிவமைப்பில் எந்த முடிவு எடுத்தாலும் முதலில் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இரவு எட்டரைக்குச் சாப்பாடு முடித்து வந்து உட்காரும் ஆளின் நேரம் மிச்சப்படுகிறதா?

2025 ஜூன் 15

சரி, வசதிக்கு வருவோம். இன்றைய நிரல்களில் தொகுப்பு என்று இரண்டு வகை இருக்கிறது. ஒன்று கையால் பொறுக்கிச் சேர்ப்பது. மற்றது விதி கொடுத்தால் தானே நிரம்புவது. கோடியில் இது நெடுங்காலமாக உண்டு, பிளெக்ஸிலும் உண்டு. ‘தமிழ், 1960க்கும் 1969க்கும் இடையில், இன்னும் பார்க்காதவை’ என்று விதி போட்டால், புதிதாகச் சேர்க்கும் படமும் தானாக அதில் வந்து விழும்.

இவை இரண்டும் தனித்தனியாக இருப்பதுதான் குறை. விதி போட்ட தொகுப்பில் வேண்டாத படம் ஒன்று எப்படியும் வந்து நிற்கும். அதை எடுக்க விதியைத் திருகினால் வேறு பத்துப் படம் வெளியே போய்விடும். கடைசியில் மனம் வெறுத்து எல்லாவற்றையும் கையால் பொறுக்கத் தொடங்குவோம். பிறகு சேரும் படம் எதுவும் அதில் ஏறாது.

ஆகவே என் வடிவமைப்பில் ஒரே வகைதான். விதி ஒன்று, அதற்கு மேலே ‘எப்போதும் சேர்’, ‘எப்போதும் விலக்கு’ என்று கைப்பட்டியல் இரண்டு. விதி சொன்னதைக் கை திருத்தலாம். கை சொன்னதை விதி திருத்த முடியாது. விதியே இல்லாமல் விட்டால் அது வெறும் கைத்தொகுப்பு. பட்டியல்களைக் காலியாக விட்டால் வெறும் விதித்தொகுப்பு. அம்மாவுக்கு ‘பக்திப் படங்கள்’ என்று ஒன்று போட்டேன். வகையை வைத்து விதி, அதில் அவருக்குப் பிடிக்காத சிலதை விலக்கு, வகை தவறாகப் பதிந்த சிலதைச் சேர். இப்போது புதிய படம் வந்தால் தானே சேருகிறது, அவர் விலக்கியவை திரும்பி வருவதில்லை.

விதியை எழுதும்போதே பக்கத்தில் எத்தனை படம் பொருந்துகிறது என்று எண் மாறிக்கொண்டிருக்க வேண்டும். சேமித்த பிறகு திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை என்ற நிலை யாருக்கும் வரக் கூடாது.

2025 ஜூன் 16

நேற்றையதோடு சேர்த்து ஒன்று. விதிகளை இணைக்கும் இடத்தில் ‘மற்றும்’, ‘அல்லது’ என்று போடாதீர்கள். ‘சிவாஜி மற்றும் எம்.ஜி.ஆர். படங்கள்’ என்று சித்தப்பா கேட்டால் இருவர் படங்களையும் காட்டு என்றுதான் பொருள். நிரல் அதை இருவரும் சேர்ந்து நடித்தது என்று எடுத்து ‘கூண்டுக்கிளி’ (1954) ஒன்றை மட்டும் நீட்டும். ‘இவை எல்லாம் பொருந்த வேண்டும்’, ‘ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்’ என்று முழு வாக்கியமாக எழுதினேன். அதன் பிறகு வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

2025 ஜூன் 22

இந்த இழையிலேயே முக்கியமானது என்று நான் நினைப்பது இதுதான்: பாட்டு.

அம்மம்மாவுக்குப் படத்தின் பெயர் நினைவில் நிற்பதில்லை. நடிகை யார், எந்தத் தியேட்டர், என்ன பாட்டு, இவை நிற்கின்றன. ‘வின்சரில் பார்த்தது, சாவித்திரி, பி.சுசீலா பாடினது’ என்று சொல்லிவிட்டு முதல் வரியைப் பாடுவார். அவர் மட்டுமில்லை, எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் படத்தை நினைவு வைத்திருப்பதே பாட்டால்தான். ஆனால் வெளியிலிருந்து தகவல் இழுக்கும் எந்த நிரலிலும் பாட்டுக்கு என்று ஒரு கட்டம் இல்லை. இயக்குநர், நடிகர், வகை, நிறுவனம் எல்லாம் முன்பக்கத்தில் இருக்கும். இசையமைப்பாளர் பெயர் தொழில்நுட்பக் குழுவின் நீளப் பட்டியலில் எங்கோ புதைந்து கிடக்கும். அந்த நிரல்களை வடிவமைத்தவர்களின் படங்களில் பாட்டு இல்லை, அதனால் அவர்களுக்கு அது தோன்றவில்லை.

நான் படத்தோடு பாட்டு என்று தனி அட்டவணை வைத்திருக்கிறேன்: முதல் வரி, பாடியவர், எழுதியவர், எந்த நிமிடத்தில் வருகிறது. நிமிடம் இருப்பதால் தேடல் விடையை அழுத்தினால் நேரே பாட்டிலேயே தொடங்கும். அம்மம்மா இதைப் பார்த்த பிறகு முழுப்படம் பார்ப்பது குறைந்துவிட்டது, ஒரு மாலை முழுவதும் சுசீலாதான்.

இசையமைப்பாளர் வாரியாகப் பார்க்கும் பக்கத்தை முன்பக்கத்துக்கே கொண்டுவந்தேன். இளையராஜாவின் முதல் படம் 1976இல், ரகுமானின் முதல் படம் 1992இல். இந்த இரண்டு ஆண்டையும் எல்லையாக வைத்துச் சேகரிப்பை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள், பத்தாண்டு வாரியாகப் பிரிப்பதைவிட எங்கள் நினைவோடு நன்றாக ஒட்டிப்போகிறது.

2025 ஜூன் 23

இசையமைப்பாளர் என்றதும் இரட்டையர் சிக்கல் வந்துவிட்டது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி 1965 வரை சேர்ந்து இசையமைத்தார்கள், பிறகு பிரிந்து தனித்தனியே. ‘எம்.எஸ்.விஸ்வநாதன்’ என்று தேடினால் அவர் தனியாகச் செய்தவையும் வர வேண்டும், சேர்ந்து செய்தவையும் வர வேண்டும். ‘விஸ்வநாதன்–ராமமூர்த்தி’ என்று தேடினால் சேர்ந்தவை மட்டும். ஆகவே இரட்டையரைத் தனிப் பதிவாக வைத்து, அதற்குள் இரண்டு ஆட்களையும் இணைக்க வேண்டும். இயக்குநர்களில் கிருஷ்ணன்–பஞ்சுவுக்கும் இதே முறை.

இன்னொன்று, முதலெழுத்து. வெளிநாட்டு நிரல்கள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்து வரிசைப்படுத்தும். எங்களிடம் குடும்பப் பெயர் இல்லை, முன்னால் நிற்பது தகப்பன் பெயரின் எழுத்து அல்லது ஊரின் எழுத்து. அதுவும் ஒருவர் புள்ளி போடுவார், ஒருவர் இடைவெளி விடுவார், ஒருவர் ஒன்றும் போடமாட்டார். மூவரும் மூன்று வேறு ஆட்களாகப் பதிவாகிவிடும். வரிசைப்படுத்தும்போது முதலெழுத்தைக் கழித்துவிட்டுப் பெயரை எடுங்கள். ஒப்பிடும்போது புள்ளியையும் இடைவெளியையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

2025 ஜூலை 2

அகர வரிசை தமிழில் தவறாக வருகிறது என்று ஒருவர் படம் பிடித்துப் போட்டிருந்தார். காரணம் இது. பல நிரல்களுக்கு அடியில் இருப்பது எஸ்கியூலைட் தரவுத்தளம். அதை அப்படியே விட்டால், ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள யூனிகோட் எண்ணின்படிதான் அடுக்கும். யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் நிற்கின்றன. எங்கள் நெடுங்கணக்கில் அவை இரண்டும் கடைசி. எனவே ‘மர்மயோகி’க்குப் பின்னால் வர வேண்டிய ‘மனோகரா’ முன்னால் வந்துவிடும். புள்ளியும் அப்படித்தான். மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வர வேண்டும். யூனிகோட்டில் புள்ளியின் எண் உயிர்க்குறிகளைவிடப் பெரியது, ஆதலால் ‘கபாலி’ முந்தி ‘கப்பலோட்டிய தமிழன்’ பிந்திவிடும். ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் புகுந்து நிற்கும்.

இதற்கு ஐசியூ என்ற நிரல் நூலகத்தில் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தொகுதி) தமிழுக்கான வரிசை ஆயத்தமாக இருக்கிறது. அதை எஸ்கியூலைட்டோடு இணைத்தால் முடிந்தது. இரண்டு மணி நேர வேலையைச் செய்யாததால் ஒரு மொழியின் அகர வரிசையையே பிழையாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையில் கோபமாக இருக்கிறது.

2025 ஜூலை 3

எழுத்து பற்றி இன்னும் சில.

‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் அகப்படாது. பழைய மேக் கணினியில் இருந்து வந்த கோப்புப் பெயர்கள் இரண்டாகப் பிரிந்துதான் இருக்கும். உள்ளே எடுக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஆனால் ‘ஔவையார்’ (1953) இதற்குள் அடங்காது. பாதிப்பேர் ஒகரமும் ளகரமும் சேர்த்து அடிப்பார்கள், அது யூனிகோட்டுக்கு முற்றிலும் வேறு எழுத்து. அதற்குத் தனி விதி எழுத வேண்டியிருந்தது.

கொக்குவில் தம்பி அனுப்பிய எக்செல் பட்டியலைத் திறந்தேன். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. எங்கள் ஊரில் பழைய பட்டியல் என்றாலே பாமினிதான். எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். முதலில் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள், மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றிய பிறகு கண்ணாலும் ஒருமுறை பாருங்கள்.

ஆங்கில எழுத்தில் தேடுவோருக்கும் வழி வேண்டும். தகரத்துக்கு நாங்கள் ‘th’ போடுவோம், இந்தியாவில் இடத்துக்கு இடம் ‘dh’ என்றும் மாறும். ழகரத்துக்கு ஆளுக்கொரு முறை. தேடல் சொல்லை ஒலியின் அடிப்படையில் சுருக்கி ஒப்பிட்டால் போதும், துல்லியம் தேவையில்லை. ஐந்து படத்தைக் காட்டினால் ஆள் சரியானதைத் தொட்டுக்கொள்ளும்.

2025 ஜூலை 13

ஜூன் 15இல் தொகுப்புக்குச் சொன்னது தகவலுக்கும் பொருந்தும் என்று இப்போது தெளிவாகிறது: கை எழுதியதை இயந்திரம் அழிக்கக் கூடாது.

எங்கள் சேகரிப்பில் படங்களோடு கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களும் இருக்கின்றன. எல்லா வீட்டிலும் இருக்கும். முன்னர் நான் வைத்திருந்த ஒரு நிரல் மச்சாளின் கலியாண வீடியோவை ஏதோ ஒரு படமென்று எடுத்து, சுவரொட்டியும் கதைச் சுருக்கமும் போட்டு, நடிகர் பட்டியலும் சேர்த்து வைத்தது. கையால் திருத்தினேன். அடுத்த முறை தகவலைப் புதுப்பித்ததும் பழைய சுவரொட்டி திரும்பி வந்துவிட்டது.

ஒரு கட்டத்தைக் கையால் மாற்றினால் பிளெக்ஸ் அதைப் பூட்டிவிடும், ஜெல்லிஃபினில் நாங்களே பூட்டலாம், நல்லது. நான் இன்னும் ஒரு படி போகிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மதிப்பு சேமிக்கிறேன்: இணையம் சொன்னது, வீட்டார் சொன்னது. வீட்டார் சொன்னது இருந்தால் அதைக் காட்டு, இல்லாவிட்டால் மற்றதைக் காட்டு. புதுப்பித்தல் முதலாவதை மட்டும் தொடும். வீட்டார் சொன்னதை அழித்தால் இணையத்தின் மதிப்பு தானே மேலே வரும், எதுவும் தொலைந்து போகாது. அதோடு, ‘இதை வெளியே தேடாதே’ என்று ஒரு குறி. கலியாண வீடியோக்களுக்கு அது போதும்.

2025 ஜூலை 20

நாடும் மொழியும் இரண்டு தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். தமிழ் என்றால் இந்தியா என்று எடுத்துக்கொள்ளும் நிரலில் ஈழத்துப் படங்களுக்கு இடமே இல்லை. 16 மிமீ படச்சுருளில் எடுத்த ‘சமுதாயம்’ (1962), அடுத்த ஆண்டு ‘தோட்டக்காரி’, ‘குத்துவிளக்கு’ (1972), செங்கை ஆழியானின் நாவலில் இருந்து வந்த ‘வாடைக்காற்று’ (1978), இவை எல்லாம் இலங்கை, தமிழ். தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் வந்து எடுத்த ‘பொன்மணி’ (1977), அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ (2012) இரண்டும் சிங்கள இயக்குநர்களின் தமிழ்ப் படங்கள். ஷோபாசக்தி நடித்து 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற ‘தீபன்’ பிரான்ஸ் நாட்டுப் படம், பேசுவது பெரும்பாலும் தமிழ். நாடு, மொழி, கதை நடக்கும் இடம் என்று மூன்று கட்டம் இருந்தால் இவை எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் எடுத்துவிடலாம். ரங்கநாதனின் இடக்கூறு இங்கே உதவுகிறது.

இந்தப் படங்களுக்கு வெளித் தகவல்தளங்களில் இருப்பது மிகக் கொஞ்சம். கையால்தான் நிரப்ப வேண்டும். ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் 2005இலிருந்து சேர்த்துவரும் ‘மல்லிகை’ போன்ற பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்து நிரப்புகிறேன். கெதியில் முடிகிற வேலை இல்லை, ஆனால் இதைச் செய்யாவிட்டால் எங்கள் சேகரிப்பில் எங்கள் படங்களே ‘தெரியாதவை’ என்ற தலைப்பின் கீழ் கிடக்கும். எனக்கு அது பொறுக்கவில்லை.

2025 ஓகஸ்ட் 10

நல்லூர்த் திருவிழாக் காலம், ரொறன்ரோவில் இருந்து பெரியப்பாவின் மகன் வந்திருக்கிறான். ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையப் படம். அதில் பாதி எங்களிடமும் இருக்கிறது, வேறு பெயர்களில். எது எது ஒன்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயரை நம்பாமல் கோப்பின் உள்ளடக்கத்தை வைத்து அடையாளம் உண்டாக்க வேண்டும். முழுக் கோப்பையும் படித்தால் டிஸ்க் முழுவதையும் பார்க்க நாள்கணக்காகும். வசன வரி (சப்டைட்டில்) தரும் இணையத்தளங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு: கோப்பின் அளவு, முதல் 64 கிலோபைட், கடைசி 64 கிலோபைட், மூன்றையும் சேர்த்து ஓர் எண். ஒரு கோப்புக்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். பெயர் மாறினாலும், டிஸ்க் மாறினாலும் படம் அதேதான் என்று தெரியும், பார்த்த குறியும் கைத்திருத்தமும் கூடவே வரும்.

டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் அதிலுள்ள படங்களைப் பட்டியலில் இருந்து தூக்கிவிடும் நிரல்களும் இருக்கின்றன. அப்படிச் செய்யவே கூடாது. மங்கலாகக் காட்டி ‘நீல டிஸ்க்கில் இருக்கிறது’ என்று எழுதினால் போதும், போய் எடுத்து வந்து செருகுவோம்.

2025 ஓகஸ்ட் 11

நேற்றைய முறைக்கு ஓர் எல்லை உண்டு. எம்கேவி வகை வீடியோக் கோப்பின் உள்ளே தலைப்பை எழுதினால் தொடக்கப் பகுதி மாறிவிடும், எண்ணும் மாறிவிடும். வசன வரியை உள்ளே சேர்த்தாலும் அப்படித்தான். ஆகவே படத்தின் ஓடும் நேரத்தை இரண்டாவது சாட்சியாக வைத்திருக்கிறேன். எண் பொருந்தாமல் நேரம் மட்டும் நொடி பிசகாமல் பொருந்தினால், நிரல் தானே முடிவு எடுக்காது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி எங்களிடம் கேட்கும்.

மொழிமாற்றுப் படங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குரல் மட்டும் மாறியிருந்தால் ஒரே படம், இரண்டு ஒலித்தடம். 2010இல் வந்த ‘ராவணன்’ போலத் தமிழுக்கும் இந்திக்கும் வேறு வேறு நாயகனை வைத்துத் தனியாக எடுத்திருந்தால் இரண்டு படம். இடையில் ஓர் இணைப்பு மட்டும்.

2025 ஓகஸ்ட் 12

கரண்ட் நின்றதால் டிஸ்க் பழுதானது என்று எழுதியவருக்கு: எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்த டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் ஆபத்து அதிகம், எழுதப்போவதை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவு அதில் இல்லை. என்டிஎஃப்எஸ்ஸில் உண்டு. விண்டோஸ் மட்டும் பயன்படுத்துவோர் அதற்கு மாறுங்கள்.

2025 ஓகஸ்ட் 24

கடைசியாகச் சேமிப்பு. கைத்திருத்தம், பாட்டு அட்டவணை, தொகுப்பு விதி எல்லாம் தரவுத்தளத்துக்குள் மட்டும் இருந்தால் நிரல் நின்றுபோகும் நாளில் அவையும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு படத்தின் கோப்புறைக்குள்ளும் ஓர் உரைக்கோப்பு எழுதுகிறேன். கோடியும் ஜெல்லிஃபினும் படிக்கும் என்எஃப்ஓ வடிவமே அடிப்படை. பாட்டுக்கான பகுதியை மட்டும் நான் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன், தெரியாத பகுதியை மற்ற நிரல்கள் கடந்து போய்விடும்.

கொக்குவில் தம்பியின் பட்டியல் யூனிகோட்டுக்கு மாறிவிட்டது, 1960களின் படங்களுக்குப் பாட்டு முதல் வரிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. ‘குத்துவிளக்கு’, ‘வாடைக்காற்று’ இரண்டின் பாட்டுப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் பக்கங்களைப் படம் பிடித்துப் போடுங்கள், அந்த இரண்டுக்கும் கட்டங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன.